ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், க்ளோசபின்: மூன்றையும் பார்த்த வீட்டிலிருந்து ஓர் அலசல்

"க்ளோசபின் ஆரம்பிக்கலாம்" என்று டாக்டர் சொன்னதும் பல குடும்பங்கள் பயந்துபோய் வேறு டாக்டரைத் தேட ஆரம்பித்துவிடுகின்றன. வாராவாரம் ரத்தம் எடுக்கணுமாம், வெள்ளை அணு இறங்கிவிடுமாம், உயிருக்கே ஆபத்தாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் இரண்டையும் கடந்து இப்போது சில வருடங்களாக க்ளோசபினில் இருக்கிறான். மாத்திரை வாங்குவது, லேபுக்குக் கூட்டிப்போவது, டாக்டரிடம் பேசுவது எல்லாம் அக்காவான என் பொறுப்பு. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. யாருக்கு எது என்பதை அவரவர் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு வாரமாவது ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தும், யாரும் பேசாமலேயே காதில் கேட்கும் குரல்கள் அடங்கவில்லை என்றால், மூன்றாவது, நான்காவது என்று வருடங்களைக் கழிக்காமல் க்ளோசபினுக்கு வந்துவிட வேண்டும். அதோடு வரும் ரத்தப் பரிசோதனை, வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற அளவுக்குப் பெரிய மலை இல்லை.

பக்கவிளைவுகள் எல்லாம் மருந்து வேலை செய்யும் விதத்திலிருந்தே கிளைப்பதால், அதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மூளை அணுக்கள் தங்களுக்குள் சேதி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று டோபமின். மனச்சிதைவில் மூளையின் சில பகுதிகளில் அது அளவுக்கு மீறி வேலை செய்கிறது. தெருவில் யாரோ தற்செயலாகத் திரும்பிப் பார்த்தது, டிவியில் வந்த ஒரு வரி, பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் எல்லாமே தன்னைக் குறிவைத்துத்தான் என்று தோன்றுவதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். டோபமின் போய் ஒட்டும் டி2 என்ற ஏற்பியை இந்த மருந்துகள் மறித்துக்கொள்கின்றன. சுமார் 65 சதவீத ஏற்பிகள் மறிக்கப்பட்டால் பலன் தெரிய ஆரம்பிக்கிறது; 80 சதவீதத்தை நெருங்கும்போது கை நடுக்கமும் உடல் விறைப்பும் வருகின்றன. இடைவெளி அவ்வளவு குறுகியது. டோஸை ஏற்றி இறக்க டாக்டர்கள் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

டோபமின் மூளையில் வேறு வேலைகளும் பார்க்கிறது. உடல் அசைவைக் கவனிக்கும் பகுதியில் அதை மறித்தால் நடுக்கம், விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு. பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் தடத்தில் மறித்தால், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு மார்பில் பால் சுரக்கும், ஆண்களுக்குத் தாம்பத்திய நாட்டம் குறையும். சில மருந்துகள் ஹிஸ்டமின் ஏற்பியிலும் போய் ஒட்டுகின்றன. அதனால் தூக்கமும் அடங்காத பசியும். இந்தப் பட்டியலில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு முகம். எந்தத் தொந்தரவோடு வருடக்கணக்கில் வாழ முடியும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மருந்தே இல்லாமல் பார்க்கலாமா என்ற கேள்வியில் நான் அதிக நேரம் நிற்கப்போவதில்லை. 2012-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மருந்தை நிறுத்தி வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம். கோவில், தர்கா, மந்திரிப்பு என்று அலைந்துவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா பக்கத்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகும், மருந்தைவிடச் சங்கிலி மேல் என்று யாராவது நினைத்தால் எனக்குத் தாங்காது.

சரி, மருந்துகளுக்கு வருவோம். பழைய தலைமுறையில் ஹாலோபெரிடால் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் 1958-ல் உருவானது. கொந்தளிப்பில் இருப்பவரைச் சீக்கிரம் அடக்கும்; விலையும் குறைவு. அதற்கு ஈடாக நடுக்கமும் விறைப்பும் அதிகம். சிலருக்கு முதல் சில நாளிலேயே கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்கு வலிப்பு போலத் தெரியும். அதற்கென்று இருக்கும் ஊசியைப் போட்டால் சீக்கிரம் சரியாகிவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் வீட்டில் இவ்வளவு பதற்றம் இருக்காது. வருடக்கணக்கில் சாப்பிட்டால் நாக்கும் உதடும் தானாகவே அசைந்துகொண்டிருக்கும் நிலை வரலாம். மருந்தை நிறுத்தினாலும் அது போகாமல் நிற்கக்கூடும். தம்பிக்கு இதை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாட்களில் மட்டும்தான் கொடுத்தார்கள். அதனால் நீண்ட காலத்துக்கு எப்படி என்பதை நான் அனுபவத்தில் பேச முடியாது.

முதலில் நிலையாக ஆரம்பித்தது ரிஸ்பெரிடோன். 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. குறைந்த டோஸில் நடுக்கம் குறைவு, தூக்கக் கலக்கமும் குறைவு. டோஸ் ஏற ஏறப் பழைய மருந்துகளின் குணம் வந்துவிடுகிறது. தம்பி துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத்தில் வேலை பார்த்தவன். வெர்னியர் காலிப்பரைப் பிடித்து அளவு பார்க்கிற கை, அளவுகோலின் இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் நிற்காமல் ஆடினால் அந்த வேலையே இல்லை. நடுக்கத்துக்கு என்று பேசிடேன் சேர்த்தார்கள். நடுக்கம் குறைந்தது; வாய் வறண்டது, பார்வை மங்கியது, மறதி கூடியது. ஒரு மருந்தின் தொந்தரவுக்கு இன்னொரு மருந்து, அதன் தொந்தரவுக்கு வேறொன்று என்று போவதை முதல் முறை பார்த்தது அப்போதுதான். இத்தனைக்கும் குரல்கள் பாதிதான் குறைந்தன. புரோலாக்டின் கூடுவதும் இதில்தான் அதிகம். ஆண்கள் அதைப் பற்றி அக்காவிடம் பேச மாட்டார்கள்; டாக்டர் தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும். அதைத் தனியாகக் கேட்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே நினைவூட்டலாம்.

அடுத்து ஓலன்சபின். 1996-ல் வந்தது. இதன் பலம் உண்மையான பலம். 2005-ல் வெளியான கேட்டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் கிட்டத்தட்ட 1,500 நோயாளிகளைப் பதினெட்டு மாதம் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 74 சதவீதம் பேர் ஏதோ ஒரு காரணத்தால் தங்களுக்குக் கொடுத்த மருந்தை நடுவில் நிறுத்திவிட்டார்கள். ஓலன்சபின் பிரிவில் அது 64 சதவீதம். அதாவது இருப்பதில் அதிகம் பேர் தாக்குப்பிடித்தது இதோடுதான். அதே ஆய்வில் எடை அதிகம் ஏறியதும் இதில்தான், சராசரியாக மாதம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. எங்கள் வீட்டில் அது அப்படியே நடந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து சோற்றுப் பானையைத் திறப்பான். அம்மா அதைத் தடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிப்பார். நன்றாகத் தூங்கினான், சண்டை போடுவது நின்றது, நடுக்கமே இல்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டியில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற எண்ணம் போகவில்லை. தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்க விடவில்லை. டோஸை உச்சத்துக்குக் கொண்டுபோயும் அதே நிலைதான்.

அரிப்பிப்ரசோல் பற்றி ஒரு வார்த்தை. மற்ற மருந்துகள் டோபமின் குழாயை அடைக்கப் பார்க்கும்போது, இது குழாயைப் பாதி திறந்த நிலையில் பிடித்துவைக்கிறது. எடை அவ்வளவாக ஏறாது, புரோலாக்டின் கூடாது, பகலில் தூங்கி வழிய வேண்டியதில்லை. சிலருக்கு நிலைகொள்ளாத தவிப்பைத் தரும், நடந்துகொண்டே இருப்பார்கள். நோய் இப்போதுதான் தெரியவந்திருக்கிறது, சின்ன வயது, எடையும் சுகரும் பற்றிக் கவலை என்றால் இதை டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்பேன். தம்பிக்கு இதைக் கொடுத்துப் பார்க்கவில்லை, ஆகவே என் பேச்சை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசிகளும் அப்படித்தான். மாத்திரையைத் துப்பிவிடுகிறவர்களுக்கும் மறந்துவிடுகிறவர்களுக்கும் அது பெரிய உதவி என்பது தெளிவு. தம்பி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறவன்; அவனுக்கு மருந்து உள்ளே போயும் வேலை செய்யவில்லை என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. ஊசியால் அதைத் தீர்க்க முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "மருந்து கேட்கவில்லை" என்று சொல்லிவிடக்கூடாது. அதனால்தான் எங்கள் டாக்டர் முதலில் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிப் பார்த்தார்.

மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. அவர்களுக்கான மருந்துதான் க்ளோசபின். அதன் கதையே ஒரு மாதிரியானது. ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்து, நடுக்கம் தராத மருந்து என்று பெயர் வாங்கியது. 1975-ல் ஃபின்லாந்தில் அதை எடுத்தவர்களில் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு வீழ்ந்து, 8 பேர் கிருமித்தொற்றில் இறந்துபோனார்கள். பல நாடுகளில் மருந்து பின்வாங்கப்பட்டது. பிறகு 1988-ல் ஜான் கேன் குழுவினர் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். வேறு எதற்கும் குணமாகாத 268 நோயாளிகள், ஆறு வாரம். க்ளோசபின் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். பழைய தலைமுறை மருந்தான குளோர்புரோமசின் எடுத்தவர்களில் 4 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் 1989-ல், ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு அமெரிக்கா அனுமதித்தது. டி2 ஏற்பியை இது மற்றவற்றைவிடத் தளர்வாகத்தான் பிடிக்கிறது. கை நடுங்காததற்குக் காரணம் அதுதான். அப்படித் தளர்வாகப் பிடித்தும் மற்றவை தோற்ற இடத்தில் இது எப்படி ஜெயிக்கிறது என்பதை விஞ்ஞானிகள் இன்னும் முழுதாக விளக்கவில்லை.

தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு இதற்குத் தனி இடம் உண்டு. மனச்சிதைவில் தற்கொலை முயற்சிகளைக் குறைக்கும் மருந்து என்று அமெரிக்காவில் 2002-ல் தனி அனுமதி பெற்றது. அதே ஃபின்லாந்தில், 66,881 நோயாளிகளின் 11 வருடப் பதிவுகளை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள். மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்தது க்ளோசபின் எடுத்தவர்களிடம்தான். மருந்தின் ஆபத்து முதலில் வெளிப்பட்ட நாடும் அதுதான் என்பதால் இந்த முடிவு என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

இப்போது ரத்தப் பரிசோதனை. எல்லோரும் தயங்கி நிற்கும் இடம் இது. நான் அதிகம் பேச விரும்புவதும் இதைப் பற்றித்தான்.

நம் உடலில் கிருமிகளை முதலில் எதிர்கொள்வது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. க்ளோசபின் எடுப்பவர்களில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கு அது ஆபத்தான அளவுக்கு வீழ்கிறது. யாருக்கு வீழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எப்போது என்பது ஓரளவு தெரியும்: பெரும்பாலும் முதல் 18 வாரங்களுக்குள். அதனால்தான் பிரிட்டன் போன்ற நாடுகளில் முதல் 18 வாரம் வாரம் ஒரு முறை, பிறகு ஒரு வருடம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு மாதம் ஒரு முறை என்று வைத்திருந்தார்கள். எங்கள் டாக்டரும் ஏறக்குறைய இதையே பின்பற்றினார். சரியான நேரத்தில் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினால் அணுக்கள் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். ஆபத்து முழுவதும் கண்டுபிடிக்காமல் விடுவதில்தான் இருக்கிறது.

எடுக்க வேண்டியது சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை; பெயரைச் சொன்னால் எந்த லேபிலும் தெரியும். காய்ச்சலுக்கு எடுக்கும் அதே பரிசோதனைதான். வெறும் வயிறு தேவையில்லை, கொஞ்சம் ரத்தம், அன்று மாலையே ரிப்போர்ட். தனியார் லேபில் சில நூறு ரூபாய். அரசு மருத்துவமனையில் காசில்லை, காத்திருக்க வேண்டும். நாங்கள் திங்கள்கிழமை காலை என்று வைத்துக்கொண்டோம். கிழமை மாறாமல் இருந்ததால் அதுவும் வீட்டு வேலைகளில் ஒன்றாகிப்போனது.

ரிப்போர்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது அவசியம். பல லேப்களில் நியூட்ரோஃபிலைச் சதவீதமாக மட்டும் அச்சிடுகிறார்கள். நமக்கு வேண்டியது எண்ணிக்கை. மொத்த வெள்ளை அணுக்களை அந்தச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். மொத்தம் 6,200, நியூட்ரோஃபில் 58 சதவீதம் என்றால் 3,596. நிம்மதியான எண். 2,000-க்குக் கீழே வந்தால் வாரத்தில் இரண்டு முறை பார்ப்பதும், 1,500-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்துவதும் பிரிட்டனில் பின்பற்றிவந்த கறாரான வரம்பு. அமெரிக்கா 2015-ல் நிறுத்தும் வரம்பை 1,000 ஆகத் தளர்த்தியது. உங்கள் டாக்டர் எந்த வரம்பை வைத்திருக்கிறார் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன ஒரு லேபில், சதவீதம் சரியாக இருக்கிறதே, பிறகு என்ன என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். சதவீதம் சரியாக இருந்தும் மொத்தம் குறைந்திருந்தால் எண்ணிக்கை விழுந்திருக்கும். அதன் பிறகு லேபை மாற்றினோம். எண்ணிக்கையையே தனியாக அச்சிட்டுத் தரும் லேப் கிடைத்தால் பாதி கவலை தீரும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, மொத்தம், எண்ணிக்கை, எடை, டோஸ் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுகிறேன். டாக்டர் கோப்பைத் திறப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் கேட்கிறார்.

2025-ல் அமெரிக்காவில், ரத்த அறிக்கை தந்தால்தான் மருந்து என்ற கட்டாயத் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கெடுபிடியால் பலருக்கு மருந்து கிடைக்காமல் போகிறது என்பதும் ஒரு காரணம். ரத்தம் பார்க்க வேண்டும் என்ற பரிந்துரை அப்படியே இருக்கிறது. இந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு லேபுக்குப் போவதை யாரும் நிறுத்த வேண்டாம், முக்கியமாக முதல் வருடத்தில்.

இந்த வேலை எல்லாம் குறை என்றுதான் நானும் ஆரம்பத்தில் கேள்விப்பட்டேன். இப்போது இதை ஒரு பலமாகப் பார்க்கிறேன். ஓலன்சபினில் இருந்தபோது எடையும் சுகரும் எகிறிக்கொண்டிருந்ததை யாரும் தொடர்ந்து கவனிக்கவில்லை. மருந்துச் சீட்டை நீட்டினால் கடையில் மாத்திரை கிடைத்தது, டாக்டரைப் பார்க்கும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. க்ளோசபின் வந்த பிறகு லேபுக்குப் போகிற அன்றே எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் பார்த்தாகிறது. அவனும் வாரம் ஒரு முறை சட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினான். வீட்டைவிட்டு வெளியே வராதிருந்தவனுக்கு அந்தப் பயணமே ஒரு பயிற்சியாக அமைந்தது. ஆனால் கூடப் போக ஆள் இல்லாத வீடு, லேபுக்கே இரண்டு பஸ் மாற வேண்டிய கிராமம் என்றால் கணக்கு மாறும். அப்படிப்பட்டவர்கள் ஆரம்பிக்கும் முன்பே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிபிசி எடுத்துத் தருவார்களா என்று கேட்டுவைக்க வேண்டும்.

ரத்தத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் இன்னொரு ஆபத்து மறைந்துவிடுகிறது: மலச்சிக்கல். கேட்க அற்பமாகத் தோன்றும். க்ளோசபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து உயிரைப் பறிக்கும். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. எங்கள் வீட்டில் காலை காபியோடு கேட்கும் கேள்வி, "மோஷன் போச்சாடா?" ஆரம்பத்தில் கூச்சப்பட்டான், இப்போது நான் கேட்பதற்கு முன்பே "போச்சுக்கா" என்று சொல்லிவிடுகிறான். கீரை, தண்ணீர், நடை எல்லாம் உண்டு, ஆனால் அது மட்டும் போதவில்லை. டாக்டர் மலமிளக்கியையும் சேர்த்தே எழுதினார். இசப்கோல் போன்ற நார்ப்பொடியை நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். குடல் நகராமல் இருக்கும்போது அது உள்ளே தங்கி இன்னும் அடைக்கலாம். மூன்று நாள் போகவில்லை, வயிறு உப்புகிறது, வாந்தி வருகிறது என்றால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமே இல்லை. நேராக ஆஸ்பத்திரி.

தூக்கத்தில் எச்சில் ஒழுகுவது நிறையப் பேருக்கு உண்டு. தலையணை ஈரமாகிவிடும். தலையணைக்கு மேல் ஒரு துண்டு, ஒருக்களித்துப் படுப்பது, பொறுக்க முடியாவிட்டால் டாக்டர் தரும் மருந்து. இதனால் அவன் யார் வீட்டுக்கும் போய்த் தங்க மாட்டேன் என்கிறான். அது இன்னும் தீராத வருத்தம். முதல் இரண்டு மாதத்துக்குள் நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், காரணமில்லாத படபடப்பு வந்தால் இதயத் தசையில் அழற்சியா என்று உடனே பார்க்க வேண்டும். அபூர்வம், ஆனால் கடுமையானது. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுக்காமல் அன்றே சிபிசி. டோஸ் அதிகமானால் வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும். அதனால் லேத்தை ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதே பட்டறையில் செய்துமுடித்த சாமான்களை அளந்து பார்க்கும் வேலைக்கு மாறினான். வெர்னியரைப் பிடிக்கும் கை இப்போது ஆடுவதில்லை.

எடை, சுகர் விஷயத்தில் க்ளோசபினும் ஓலன்சபினும் ஒரே தட்டில்தான். இதில் க்ளோசபினுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். எடை ஏற விடாமல், சுகருக்குக் கொடுக்கும் மாத்திரையான மெட்ஃபார்மினை ஆரம்பத்திலேயே சேர்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள், கேளுங்கள். ஏறிய பிறகு இறக்குவது மகா கஷ்டம்.

இரண்டு விஷயங்களை மருந்துச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. ஒன்று, தொடர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே போடக்கூடாது. 12.5 மில்லிகிராமில் இருந்து மறுபடி ஏற வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், மயங்கிவிடலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வைக்கிறேன், ஒன்று தொலைந்தாலும் இன்னொன்று இருக்கும். எல்லாக் கடைகளிலும் க்ளோசபின் இருப்பு இருக்காது. தீர்வதற்குப் பத்து நாள் முன்பே சொல்லிவைக்க வேண்டும். இரண்டாவது, பீடி, சிகரெட். புகையில் உள்ள பொருள்கள் இந்த மருந்தைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடுகின்றன. புகைப்பவர்களுக்கு அதிக டோஸ் தேவைப்படும். அவர்கள் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு சில நாளிலேயே வெகுவாக ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பீடி நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள். புகையை விடுவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும். ஓலன்சபினுக்கும் இது பொருந்தும்.

பலன் எப்போது தெரியும்? நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தோம். முதலில் கோபம் குறைந்தது. பிறகு ஒருநாள் தெருப்பக்கத்து ஜன்னலை அவனே திறந்து வைத்திருந்தான். காற்று வரலக்கா என்றான். குரல்கள் முழுக்கப் போய்விடவில்லை. "கேக்குதுக்கா, ஆனா அது சொல்றதைச் செய்யணும்னு தோணல" என்கிறான். இதற்கு முன் எந்த மருந்தும் எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்ததில்லை. அதற்காக எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. அந்த 1988 ஆய்விலேயே 30 சதவீதம்தான். இன்னும் பொறுமையாகக் காத்திருந்தால் எண்ணிக்கை கூடும் என்கிறார்கள், அப்போதும் பலன் இல்லாதவர்கள் உண்டு. கர்ப்பம், தாய்ப்பால், முதிய வயது பற்றி எனக்கு அனுபவம் இல்லை. அங்கே என் சாய்வைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

நோய் இப்போதுதான் தெரிந்திருக்கிறது என்றால் க்ளோசபினைப் பற்றி யோசிக்கும் கட்டமே வரவில்லை. ரிஸ்பெரிடோனோ அரிப்பிப்ரசோலோ போதுமானதாக இருக்கலாம். நிறையப் பேருக்கு அதுவே போதும். இரண்டு மருந்து பார்த்துவிட்டு டாக்டர் இதன் பெயரைச் சொல்கிறார் என்றால், ஆரம்பிக்கும் முன் சிபிசி, சுகர், கொழுப்பு, இசிஜி, எடை எல்லாம் எடுத்து எழுதிவைத்துவிடுங்கள்; பின்னால் ஒப்பிட அதுதான் இருக்கும். டோஸை எவ்வளவு மெதுவாக ஏற்றுவார் என்று கேளுங்கள். ஆசியர்களுக்கு மேற்கத்தியரைவிடக் குறைந்த டோஸே போதுமாகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த லேப் திறந்திருக்கும், யாருக்கு போன் போடுவது என்பதற்கும் அன்றைக்கே பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.